கண்ணாடி மட்டும் போதாது

அந்தி நேரத்தில் ரமணாசிரமத்தின் அருகே கிரிவலம் வரும் பார்க்கின்சன் நோயாளர் ஒருவர் படியில் தடுமாறினால், வீட்டார் வயதின்மீது பழிபோடுகின்றனர். புதிய கண்ணாடி வாங்குகின்றனர். மருத்துவர்களாகிய நாங்களும் நடுக்கத்தைப் பற்றிக் கேட்கிறோம். கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. இது மாற வேண்டும்.

இந்நோயில் மூளையில் குறையும் டோபமின் விழித்திரைக்கும் தேவை. ஆகையால், எழுத்துப் பலகையைப் பிழையின்றிப் படிப்பவருக்கும் மங்கிய ஒளியில் படியின் விளிம்பு புலப்படாமற்போகலாம். அருகிலுள்ளவை இரண்டாகத் தோன்றலாம். இமைப்பது குறைந்து கண் உலரலாம். சிலருக்கு இல்லாத உருவங்களும் தெரியும். அதனை நாணி மறைக்க வேண்டா. மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டா.

வீட்டுப் படிகளின் விளிம்பில் மஞ்சள் நிறம் பூசுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்கள் சொல்ல மறவாதீர்கள்.