எத்தனை வருஷம் பாக்கி?

கோலாலம்பூருக்கு வந்த நாலாம் மாதமே வீடு வாங்கிவிடத் துடித்தோம். வாடகை என்பது தண்டம் என்று கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்கள் நாங்கள். பதினெட்டாவது மாடியில் ஒரு வீடு. சன்னலைத் திறந்தால் இரட்டைக் கோபுரம். சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் நமக்குத்தான் என்றார் முகவர். அந்த மகிழ்ச்சியைச் சொல்லப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன்.

"எத்தனை வருஷம் பாக்கி தம்பி?" என்று கேட்டார்.

வங்கிக் கடனைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது நிலத்தை.

மலேசியாவில் ஃப்ரீஹோல்ட் நிலத்துக்குக் காலக்கெடு இல்லை. லீஸ்ஹோல்ட் என்றால் குத்தகை, பெரும்பாலும் 99 வருடம். கெடு முடிந்தால் நிலம் அரசாங்கத்துக்கே திரும்பும். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், அதற்கும் பணம் கட்ட வேண்டும். வருடம் குறையக் குறைய வங்கிகள் கடன் தரத் தயங்கும், வாங்க வருகிறவர்களும் குறைவார்கள். நாங்கள் பார்த்த வீட்டுக்கு மீதம் 58 வருடம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுடைய அறுபத்து நாலாவது வயதில் அந்த வீட்டின் கெடு முடியும். முகவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

நம் ஊரில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று கட்டுக் கட்டாகப் பார்த்தாலும் வயிற்றில் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். இங்கே 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அந்த உரிமைப் பத்திரத்தை இங்குள்ள தமிழர்கள் 'கிராண்ட்' என்பார்கள். கெடு என்று முடிகிறது, நிலம் வீட்டுக்கா விவசாயத்துக்கா, விற்பதற்கு என்ன கட்டுப்பாடு எல்லாம் அதிலேயே இருக்கும். கட்டணம் கட்டினால் பதிவேட்டு விவரத்தை யாரும் வாங்கிப் பார்க்கலாம். அதைக்கூடச் செய்யாமல் நான் சனிக்கிழமைக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சன்னலிலிருந்து பார்த்தால் கோபுரங்களுக்குப் பக்கத்தில் தாழ்வான கூரைகளோடு கம்போங் பாரு தெரியும். நகரத்தின் நடுவில் அப்படியோர் இடம் மிஞ்சியிருப்பதற்குக் காரணமும் நிலச்சட்டம்தான். 1900இல் மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பு அது. மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை வெளிநாட்டவர் வாங்க முடியாது. நமக்குத் திறந்திருக்கும் இடத்திலும் விலைக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. கோலாலம்பூரில் பத்து லட்சம் ரிங்கிட். அரசாங்கத்தின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டும். வாங்கி ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, அதன் பிறகு 10 விழுக்காடு.

நீண்ட காலம் தங்க வருகிறவர்களுக்கான 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' திட்டத்தைப் பற்றி ஊரிலிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024இல் மாற்றிய விதிகளின்படி வெள்ளிப் பிரிவில் சேருகிறவர் ஆறு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமல் வீடு வாங்கியாக வேண்டும். அந்த வீட்டைப் பத்து வருடம் விற்கக் கூடாது. அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறலாம், அவ்வளவுதான். ஆனால் விசா ஐந்து வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். அறுபது வயதில் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

முன்பணம் கட்டாமல் இன்னொரு வருடம் வாடகையிலேயே இருந்தோம். இந்த ஊரின் வெயிலும் மழையும் அப்போதுதான் பிடிபட்டன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கும் ஊர் இது. மேற்குச் சுவர் ஆறுவதற்கு மார்கழி என்று ஒன்று வராது. தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தபோது, பூட்டிய அலமாரிக்குள் தோல் செருப்பு முழுவதும் பச்சைப் பூஞ்சை. நண்பர் ஒருவர் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வாடகைக்கு எடுத்த வீட்டில், புதுச் சாயத்துக்கு அடியிலும் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. 2021 டிசம்பர் வெள்ளம் நின்ற உயரம் அது. என் நெஞ்சுக்கு மேலே இருந்தது. வீடு பார்க்கக் காலை பத்து மணிக்குக் கூட்டிப்போனால் இது எதுவும் தெரியாது. இடிமழை கொட்டும் மாலை நாலரைக்குப் போக வேண்டும்.

அக்காவுக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏன் முதலில் வந்தது என்று பல மாதம் கழித்துக் கேட்டேன். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் அவர். தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறை அங்கே பால் மரம் வெட்டியது. வாசலில் அவர் பாட்டி வைத்த முருங்கை நின்றது. தோட்டம் கைமாறி வீட்டுமனையாக ஆனபோது, அந்த வீடு வேலைக்குத் தந்த வீடு, வேலை போனால் வீடும் போகும் என்று சொல்லிவிட்டார்கள். "எழுபது வருஷம் இருந்தோம் தம்பி. ஒரு காகிதத்துலயும் எங்க பேர் இல்ல." அதன் பிறகு கணவனும் மனைவியுமாக ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில்தான் இந்த வீட்டை வாங்கினார்கள். கிராண்டை ஞெகிழி உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எனக்காக அதை எடுத்து, தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

வேலைக்கோ ஓய்வுக்கோ இங்கே வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பதிவேட்டு விவரத்தை எடுத்து, உங்களுக்கென்று நீங்களே அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முகவர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.