கடைவரி கட்டுகிறோம், கணக்குக் கேட்டோமா?

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியது. கடலூர் லாரன்ஸ் சாலை வியாபாரியும் சிதம்பரம் மேல வீதி வியாபாரியும் முணுமுணுத்தார்கள், வணிகர் சங்கத்தில் காரசாரமாகப் பேசினார்கள், கடைசியில் கட்டினார்கள். ரசீதை மடித்துக் கல்லாவில் போட்டதோடு விஷயம் முடிந்தது. அந்தப் பணத்தில் எத்தனை ரூபாய் ஒரு விதவைக்குப் போகிறது, பிள்ளைகள் கைவிட்ட முதியவருக்குப் போகிறது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்குப் போகிறது என்று நம்மில் யாராவது கேட்டோமா?

கேட்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் வேறு. மையவாடிக்குச் சுற்றுச்சுவர், பள்ளிவாசல் தெருவுக்குச் சிமெண்ட் சாலை, பெருநாளுக்கு முன்னால் தெருவிளக்கு. ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் ஜமாஅத் நிர்வாகிகள் நீட்டுகிற மனுவை வாங்கிப் பாருங்கள், இந்த மூன்றும் தவறாமல் இருக்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரும் வேண்டும், சாலையும் வேண்டும். ஆனால் சுவருக்குள்ளே அடக்கமாகி இருப்பவர்களுக்காகக் கேட்கத் தெரிந்த சமுதாயம், சுவருக்கு வெளியே உயிரோடு அல்லாடுகிறவர்களுக்காக என்ன கேட்டது?

சகோதரர்களே! நகராட்சியின் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். நீங்கள் கட்டும் சொத்து வரி ஒரே வரியல்ல. பொது நோக்கம், குடிநீர் வடிகால், தெருவிளக்கு, கல்வி என்று உள்ளே பங்கு பிரிந்திருக்கிறது. அதன் மேல் நூலக வரி வேறு. இது போக, மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை, ஏறத்தாழ 10 சதவீதத்தை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரித்துத் தருகிறது. மூன்றாவதாக மத்திய நிதிக்குழு மானியம். 15வது நிதிக்குழுவின் காலமான 2021 முதல் 2026 வரை, கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்கலாம் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். மீதி 40 சதவீதத்தில் சம்பளத்தையும் நிர்வாகச் செலவையும் தவிர்த்து, உள்ளூர்த் தேவை எதுவோ அதற்குச் செலவழிக்கலாம் என்று இருந்தது.

உள்ளூர்த் தேவை! அந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. எது தேவை என்று யார் முடிவு செய்வது? மன்றம் முடிவு செய்கிறது. மன்றத்தில் கவுன்சிலர் பேசுகிறார். கவுன்சிலரிடம் யார் போய் நிற்கிறாரோ அவருடைய தேவை பேசப்படுகிறது. ஒப்பந்தக்காரர் தினமும் போய் நிற்கிறார். ஆகவே வடிகால் பேசப்படுகிறது. விதவை போய் நிற்பதில்லை.

இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று எந்த அதிகாரியாவது சொன்னால் நம்பாதீர்கள். 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறது. அதில் சாலையும் குப்பையும் மட்டுமில்லை. மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பதும், நகர்ப்புற வறுமை ஒழிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் என்றால் தாலுகா அலுவலகம், சிறுபான்மையினர் உதவி என்றால் கலெக்டர் ஆபீஸ். நகராட்சிக்கு அதில் வேலை இல்லை. ஏழையின் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருக்கும் அலுவலகம் குப்பையை மட்டும் பார்க்கும். அவனுடைய பசியைப் பார்க்க அவன் பஸ் ஏறிப் போக வேண்டும்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 1996ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விடவில்லை. திட்டத் தொகையில் 10 சதவீதம் பெண்களுக்கு, 5 சதவீதம் முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு என்று வரம்பு கட்டினார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளியை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வலிநிவாரணப் பணிக்கு அங்கே பஞ்சாயத்தே பணம் ஒதுக்குகிறது. மலப்புரத்தில் கடை வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் அது ஏன் வரக்கூடாது?

அடுத்த அநியாயத்துக்கு வருவோம். இது பங்குத் தொகை அநியாயம்.

மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. கலெக்டர்தான் தலைவர். ஆதரவற்ற, விதவையான, தலாக் ஆன, முதிய முஸ்லிம் பெண்களுக்கு உதவுவதற்காக அரசு ஏற்படுத்தியது. சங்கம் நன்கொடையாகத் திரட்டும் தொகைக்கு அரசு இணை மானியம் தருகிறது. ஆரம்பத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். பிறகு ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் என்றும், ஆண்டுக்கு அதிகபட்சம் 20 லட்சம் என்றும் உயர்த்தினார்கள். அதாவது சங்கம் 10 லட்சம் திரட்டினால் அரசு 20 லட்சம் தரும், மொத்தம் 30 லட்சம். திரட்டாவிட்டால்? பூஜ்யத்துக்கு இரண்டு மடங்கு பூஜ்யம்தான்!

நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதன் கணக்கைக் கவனியுங்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியமும் பெரிய வியாபாரிகளும் நிறைந்த மாவட்டத்து விதவைக்கு அரசுப் பணம் சுலபமாகக் கிடைக்கும். கூலி வேலை செய்யும் முஸ்லிம்கள் மட்டுமே உள்ள மாவட்டத்து விதவைக்குக் கிடைக்காது. அவளுடைய வறுமை குறைவா? இல்லை. அவளைச் சுற்றியிருப்பவர்களும் ஏழைகள், அதுதான் அவள் செய்த குற்றம். 1997-98ல் வந்த நமக்கு நாமே திட்டத்துக்கும் இதே குணம் உண்டு. மக்கள் ஒரு பகுதியைக் கட்டினால் அரசு மீதியைத் தரும். கட்ட முடிந்த தெரு பூங்கா வாங்கிக்கொள்கிறது. கட்ட முடியாத குப்பம் வேடிக்கை பார்க்கிறது. நன்கொடை வராத ஆண்டிலும் ஒவ்வொரு மாவட்டச் சங்கத்துக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று அரசு ஒரு தொகையை நிச்சயமாகத் தர வேண்டும். அதற்கு மேல் இணை மானியம் இருக்கட்டும்.

அரசைச் சாடிவிட்டோம். இனி நம் பக்கம் திரும்புவோம். கடலூர் மாவட்டத்துக்கு அந்தச் சாக்கு உண்டா? லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம், கடலூர் முதுநகர், சிதம்பரம் என்று வளைகுடா மணியார்டரில் மாடி எழுப்பிய ஊர்களை வைத்துக்கொண்டு, 10 லட்சம் நமக்கு ஒரு தொகையா? ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே பகலில் பிரியாணியாகவும் மின்விளக்காகவும் கரைகிற காசு அது. ஒன்று போட்டால் மூன்றாகிற வியாபாரம் எந்தக் கடையில் இருக்கிறது என்று எந்த வியாபாரியாவது சொல்லட்டும்!

கலெக்டர் தலைமையில் உள்ள சங்கத்துக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள், நாம் ஃபத்வா கொடுக்க வரவில்லை. நாம் கேட்பது சதக்கா. சங்கத்தில் நம் ஆள் இல்லை, கணக்கு தெரியவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நியாயமான பேச்சு. கொடுக்காமல் ஒதுங்கி நின்றால் கணக்கு தெரியுமா? கொடுத்தவன் கேட்டால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நகராட்சிப் பக்கமும் கதவு திறந்துதான் இருக்கிறது. 2022ல் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் நாள் நகரங்களில் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சர் ஸ்டாலினே உட்கார்ந்தார். பகுதியின் வாக்காளர் அனைவரும் சபை உறுப்பினர்கள். யாரும் அழைப்பிதழ் அனுப்ப வேண்டியதில்லை. 2021ல் மாநகராட்சியான கடலூரில் 45 வார்டுகள், சிதம்பரத்தில் 33. இந்த 78 வார்டுகளில் நம் இளைஞர்கள் எத்தனை பேர் பகுதி சபைக்குப் போயிருக்கிறார்கள்? போஸ்டர் ஒட்ட நள்ளிரவில் வருகிற தம்பிகள், கண்டன ஆர்ப்பாட்டத்துக்கு வேன் பிடிக்கிற தம்பிகள், தங்கள் தெருவின் தேவையை எழுதிக் கொடுக்கிற கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை? ஆர்ப்பாட்டம் வேண்டும். அது முடிந்த மறுநாள் காலை மனுவும் வேண்டும்.

உட்கார இடம் கேட்டவனுக்கு இடம் கிடைக்கிறது என்பதற்குச் சாட்சி கண்முன்னால் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் சளைக்காமல் கேட்டன. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி மன்றங்களில் அவர்களுக்கு நியமன இடம் தரும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

இந்தக் கோரிக்கை முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை என்று யாரும் திரித்துப் பேச வேண்டாம். 2004 டிசம்பர் 26ல் சுனாமி அடித்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவ சகோதரர்களுக்குச் சோறாக்கிப் போட்டது. மதம் கேட்டா பரிமாறினார்கள்? 2011ல் தானே புயல், 2015ல் பெருவெள்ளம், 2024ல் ஃபெஞ்சல் என்று இந்த மாவட்டம் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் ஏறினால் படகும் உணவுப் பொட்டலமும் வருகின்றன. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் போய்விடுகிறார்கள். வெள்ளத்தில் தையல் மெஷினை இழந்த பெண் அடுத்த ஆறு மாதம் என்ன செய்தாள் என்று எந்த மன்றத் தீர்மானத்திலும் வராது. தேவனாம்பட்டினத்து மீனவ விதவைக்கும், லால்கான் தெரு விதவைக்கும் சேர்த்தே கேட்கிறோம். கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் தங்கள் பட்ஜெட்டில் இத்தனை சதவீதம் நலிந்தோருக்கு என்று தனித் தலைப்புப் போட வேண்டும். யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு ஏன் மறுத்தார்கள் என்று அலுவலக வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கடலூர் தம்பிகளில் ஒருவர் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்கு எழுதட்டும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் ஆண்டுவாரியாகத் திரட்டிய நன்கொடை எவ்வளவு, அரசு தந்த இணை மானியம் எவ்வளவு, உதவி பெற்றவர்கள் எத்தனை பேர், கையிருப்பு எவ்வளவு. சிதம்பரம் தம்பிகளில் ஒருவர் நகராட்சி ஆணையருக்கு எழுதட்டும்: நிதிக்குழு மானியத்தின் அந்த 40 சதவீதம் எந்தெந்த வேலைக்குப் போனது, பகுதி சபைகள் எந்தத் தேதிகளில் கூடின, அவற்றின் தீர்மான நகல் எங்கே. வருகிற பதிலை ஒரு எழுத்தும் மாற்றாமல் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.