குடி என்னும் நோய்

தமிழில் ‘குடி’ என்னும் சொல் குடும்பத்தைக் குறிக்கும். மது அருந்துதலையும் குறிக்கும். முதற்பொருளை இரண்டாம் பொருள் விழுங்கிவிட்ட வீடுகள் இன்று பல. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடு வைத்து எண்ணினார். ஆயினும் குடிப்பவரைச் சமூகம் இரண்டு விதமாகவே பார்த்துப் பழகியிருக்கிறது. திரையில் அவர் நகைப்புக்குரியவர், தெருவில் வெறுப்புக்குரியவர். இவ்விரு பார்வையும் பிழையானவை. குடிக்கு அடிமையானவர் ஒரு நோயாளர்.

மது மூளையின் இயக்கத்தைத் தணிக்கும் தன்மையுடையது. நாள்தோறும் மது உட்செல்லும்போது, அத்தணிவை ஈடுசெய்யும் பொருட்டு மூளை தன்னைத்தானே மாற்றியமைத்துக் கொள்கிறது. அதனால், முன்னர்ச் சிறிதளவு தந்த மயக்கத்தைப் பின்னர்ப் பெருமளவும் தருவதில்லை. மதுவைத் திடீரென நிறுத்தினாலோ, அதுவரை அடக்கப்பட்டிருந்த மூளை கட்டவிழ்ந்து கொதிக்கிறது. கைந்நடுக்கம், உறக்கமின்மை, இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுதல், வலிப்பு எனத் துன்பம் வளர்ந்து, சிலருக்கு உயிரிழப்பிலும் முடிகிறது. பல்லாண்டு குடித்தவரை அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது மருத்துவமன்று, இரக்கமுமன்று. ‘மனம் வைத்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம்’ என்னும் அறிவுரையை வழங்குவோர் இவ்வுண்மையை அறியாதவரே. முடிவெடுத்தலுக்குரிய முன்மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயதில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது என்பதால், பள்ளிப் பருவத்தில் தொடங்கும் பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கல்லீரலில் மெத்தனால் சிதைந்து ஃபார்மிக் அமிலமாகிறது; அது பார்வை நரம்பைத் தாக்கி, உயிரணுக்களை மூச்சுத்திணறச் செய்கிறது. ஆபத்து என்று கேள்விப்பட்டும் மலிவான சாராயத்தைத் தேடிச் செல்வோரை அறிவிலிகள் என ஒதுக்கிவிடுவது எளிது. கூலியோ சிறிது, உடலின் வேட்கையோ பெரிது. அந்த இடைவெளியில்தான் கள்ளச்சாராய வணிகம் வாழ்கிறது.

1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்தது. (அவ்வரி நிலைத்தது, மதுவிலக்கு நிலைக்கவில்லை!) மதுவிலக்கை நோக்கி முயல வேண்டும் என்று அரசமைப்பின் 47ஆவது பிரிவு கூறுகிறது. கடைகளைத் திறப்பதா, மூடுவதா என்னும் வழக்காடல் அன்றுமுதல் ஓயவில்லை. அது வேண்டிய விவாதமே. எனினும், ஏற்கெனவே அடிமைப்பட்டவரை மீட்பது எவ்வாறு என்னும் வினா அம்மேடைகளில் அரிதாகவே எழுகிறது.

அவ்வினாவைத் தம் வாழ்வின் பணியாக்கிக் கொண்டவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை உருவாக்கினார். குடிநோயாளருக்கு மட்டுமன்றி, அவரால் நலிந்த குடும்பத்தாருக்கும் அங்கே ஆற்றுப்படுத்தல் உண்டு. வீடு முழுவதையும் பற்றும் நோய்க்கு அதுவே தக்க முறை. 1992இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

மீண்டவர் சில திங்களில் மறுபடியும் குடித்துவிட்டால், ‘செய்ததெல்லாம் வீண், இவர் திருந்தமாட்டார்’ என்று உற்றார் கைகழுவி விடுகின்றனர். நீரிழிவு நோயாளரின் குருதியில் சர்க்கரை மீண்டும் கூடினால் எவரும் அவரை ஏமாற்றுக்காரர் என்பதில்லை. மருத்துவரிடம் மறுபடியும் அழைத்துச் செல்கின்றனர்.