கோமுகி தண்ணீர் கடலுக்குப் போனா வீணா?

"மழைத் தண்ணீர் எல்லாம் வீணா கடலுக்குப் போகுது." ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்த வசனத்தைக் கேட்கிறோம். கூடவே 'பெரிய அணை கட்டணும், கரண்ட் எடுக்கணும்'னு யோசனையும் வந்துடும். இன்ஜினியரிங் படிக்கிற நாம அதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாமே?

முதல்ல ஆறு. எலவனாசூர்கோட்டையிலிருந்து மேற்கே, கள்ளக்குறிச்சியையும் தாண்டிப் போனா கல்வராயன் மலை. 2,000 முதல் 3,000 அடி உயரம். கோமுகியும் மணிமுக்தாவும் அங்கே பிறந்து, ஒண்ணா சேர்ந்து, விருத்தாசலம் வழியா வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுது. மலைக்கும் கடலுக்கும் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான். அதனால வெள்ளம் வர்ற வேகத்திலேயே வடிஞ்சும் போயிடும். கோடையில் பார்த்தா வெறும் மணல்.

இப்போ கரண்ட் கணக்கு. கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி, கொள்ளளவு சுமார் 56 கோடி கன அடி. அந்தத் தண்ணீர் மொத்தமும் 46 அடியிலிருந்து விழுறதா வெச்சு, ப்ளஸ் டூவில் படிச்ச mgh-ஐ, அதாவது நிறை, ஈர்ப்பு, உயரம் மூணையும் பெருக்குங்க. நஷ்டமே இல்லைன்னாலும் 6 லட்சம் யூனிட்தான். மாசம் 200 யூனிட் செலவாகுற வீடுகள்னா, ஒரு வருஷத்துக்கு 250 வீடு. அவ்வளவுதான்! பைக்காராவில் 1932-லேயே கரண்ட் எடுத்தாங்களேன்னு கேட்கலாம். அங்கே தண்ணீர் விழுற உயரம் சுமார் 3,000 அடி. இங்கே மலை மேலேயே பிடிச்சாலும், மழை நின்னா டர்பைனும் நின்னுடும்.

அதே தண்ணீரை வயலுக்கு விடுங்க. ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 4 அடி ஆழத் தண்ணீர்னு வெச்சா, சுமார் 3,200 ஏக்கர் விளையும். உளுந்து, கம்பு போட்டா இன்னும் அதிகம்.

ஆனா என் கருத்து இதோட முடியலை. இந்த ஆற்றோட பெரிய அணை ஆற்று மணல்தான். ஒரு கன மீட்டர் மணலின் இடுக்குகளில் சுமார் 300 லிட்டர் தண்ணீர் நிற்கும். வெயிலிலும் அவ்வளவா ஆவியாகாது. ஒரு லாரி மணல் போனா, அந்த இடமும் போச்சு. கரையோரக் கிணறுகள்தான் முதல்ல வத்தும்.

கடைசியா அந்த 'வீண்'. வெள்ளாறு கொண்டுபோற நல்ல தண்ணீர்தான் முகத்துவாரத்தில் உப்பு ஏறாம தடுக்குது. பக்கத்துப் பிச்சாவரம் சதுப்புக்காடும், அதில் வளர்ற மீன் குஞ்சும் இறாலும் அதை நம்பித்தான் இருக்கு. அது வீண் இல்லை, கடலோரத்தின் பங்கு. நாம செய்ய வேண்டியது ஆற்றை நிறுத்துறது இல்லை, மெதுவாக்குறது. அதுக்கு ஏரி, தடுப்பணை, வரத்து வாய்க்கால் போதும்.

ஃபைனல் இயர் நண்பர்களே, ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு ஸ்மார்ட் டஸ்ட்பின் வேண்டாம். லேபில் தூங்குற டோட்டல் ஸ்டேஷனை எடுத்துட்டுப் போய், உங்க ஊர் ஏரியோட வரத்து வாய்க்கால் எங்கே மேடாச்சு, எங்கே அடைபட்டதுன்னு லெவல் எடுங்க. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அந்த வரைபடத்தை அங்கே கொடுத்து, தீர்மானத்தில் ஏத்தச் சொல்லுங்க.