கல்முனை நகர மையத்தைத் திட்டமிடல்: எமது நிலைப்பாடு

கல்முனை நகர மையத்தை மேம்படுத்த வரும் எந்தத் திட்டத்தையும், அந்த மையத்தில் வாழ்ந்து, விற்று, வாங்கி, நடந்து திரிகிற மக்களோடு சேர்ந்துதான் தயாரிக்க வேண்டும். அத்திட்டத்தின் முதல் வேலை வடிகாலாக இருக்க வேண்டும். இருக்கிற நகரத்தைச் சீராக்காமல் மேற்கே வயலை நிரப்பிப் புதிய நகரம் எழுப்பும் யோசனையை எமது அமைப்பு ஏற்கவில்லை. இம்மூன்றும் எமது நிலைப்பாடு. இதற்கான காரணங்களையும் கோரிக்கைகளையும் கீழே முன்வைக்கிறோம்.

நகரம் இன்று நிற்கும் நிலை

கிழக்கே கடல், மேற்கே கரவாகு வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணல் திட்டில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பக்கவாட்டில் விரிய இடமில்லாத இந்தத் திட்டின் நடுவால் கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 வீதி போகிறது. அதுவே எமது பிரதான வீதி, அதுவே பஸார். தூர இடத்துப் பேருந்தும் சரக்கு லொறியும் முச்சக்கரவண்டியும் பாடசாலைப் பிள்ளைகளும் அதே வீதியைத்தான் பாவிக்கிறார்கள். கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும் விரையும் அம்பியூலன்ஸுக்கும் வேறு நல்ல பாதை இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரத்தில், அல்லது நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவுகளில், அந்த வீதியில் ஒரு நோயாளியைக் கொண்டுபோனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பஸார் கல்முனைக்கு மட்டும் உரியதல்ல. நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கத்து விவசாயி கிட்டங்கி வழியாக மரக்கறி கொண்டுவருகிறார். மருதமுனை நெசவாளரின் சாரமும் சேலையும் இங்கு விலைபோகின்றன. கரைவலை மீன் விடியற்காலையில் சந்தைக்கு வருகிறது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடையில் ஒருவர் வாங்கியே பெருநாளும் தீபாவளியும் சித்திரை வருடப் பிறப்பும் கொண்டாடுகிறார்கள். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் கூட்டம் வருவது இதே வீதியால்தான். ஆகவே நகர மையம் பற்றிய முடிவை ஒரு திணைக்களமோ ஒரு கட்சியோ ஒரு சமூகமோ தனியாக எடுக்க முடியாது.

தண்ணீர்தான் முதல் கேள்வி

கார்த்திகை, மார்கழி மழையில் மேற்கிலிருந்து வரும் வெள்ளமும் ஊருக்குள் விழும் மழையும் கடலுக்குப் போகும் வழிகளில் தோணாக்கள் முக்கியமானவை. கோடையில் கடல் மணல் அவற்றின் வாயை மூடிவிடும். மழை இறுகியதும் பெக்கோ இயந்திரம் வந்து முகத்துவாரத்தை வெட்டிவிடும். சில மணி நேரத்தில் தெருக்களில் தண்ணீர் இறங்கும். அந்த வெட்டு ஒரு நாள் பிந்தினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். எங்கள் ஊர்களில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் வருடத்தின் மற்ற மாதங்களில் அதே தோணா குப்பையும் ஆகாயத் தாமரையும் அடைத்து நாறிக் கிடக்கிறது. கரைகள் ஒடுங்கிக்கொண்டே போகின்றன. பஸாரின் வடிகான்களிலோ பொலித்தீனும் கடைக் கழிவும் நிறைந்திருக்கின்றன. மழை பெய்தால் கடைக்காரர் முதலில் செய்வது கீழ்த்தட்டுச் சாமானை மேலே ஏற்றுவது.

2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பிள்ளைகளை இழந்தோம். அந்தத் துயரம் எங்களுக்கு ஓர் அமானிதத்தை விட்டுச் சென்றிருக்கிறது: இந்தக் கரையோரத்தில் வீதியையோ கட்டடத்தையோ நகரத்தையோ வரைவதற்கு முன் வெள்ளம் போகும் பாதையை வரைய வேண்டும்.

இது புதிய யோசனையும் அல்ல. போர் முடிந்தபின் ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்புத் திட்டம் அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு அனர்த்தங்களைத் தாங்கும் நகர அபிவிருத்தி உபாயங்களைத் தயாரித்தபோது பலாங்கொடை, இரத்தினபுரி, மட்டக்களப்பு ஆகியவற்றோடு கல்முனையையும் எடுத்துக்கொண்டது. அவ்வேலையைத் தூசு தட்டி எடுத்து, இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, அங்கிருந்து தொடங்கலாம்.

வயலை நிரப்புவது தீர்வல்ல

இடப்பற்றாக்குறை உண்மை. சுனாமிக்குப் பின் அதை நாம் நேரில் கண்டோம். 2004 டிசம்பர் 26 அன்று நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதன்பின் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கொழும்பில் ஒரு கோடு கீறினார்கள். ஒடுங்கிய இந்தத் திட்டில் 200 மீற்றரை விட்டால் மக்கள் எங்கே போவார்கள் என்று கோடு கீறியவர்கள் எங்களிடம் கேட்கவில்லை. பின்னர் அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் வருடக்கணக்கில் காத்திருந்தன. நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவும், இடம் தெரிந்தவர்களைக் கேட்காவிட்டால் எப்படிப் பிழையாகும் என்பதற்கு எமக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இடமில்லை என்பதற்காகக் கரவாகு வயலை நிரப்புவதும் அதே போன்ற பிழையே. வயல் நெல் விளையும் பூமி மட்டுமல்ல. ஊருக்குள் வர இருக்கும் வெள்ளத்தை அது பிடித்துவைக்கிறது. ஓர் ஏக்கரை நிரப்பினால் அங்கே நின்ற தண்ணீர் பக்கத்துத் தாழ்நிலத்தில் ஏறும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி வயலை நிரப்புவதைத் தடுப்பதும் காரணத்தோடுதான். சந்தை, பஸ் தரிப்பிடம், பழைய அரச கட்டடங்கள், உள்வீதிகள் ஆகியவற்றைச் சரியாகப் பயன்படுத்தி மேல்நோக்கிக் கட்டினால் கிடைக்கும் இடத்தை முதலில் அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவீடு பொதுமக்கள் முன் வைக்கப்படும்வரை வயல் நிரப்பும் எந்தத் திட்டத்துக்கும் எமது ஆதரவு இல்லை.

நடைபாதை வியாபாரிகள்

நகரத்தை அழகுபடுத்தும் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் அப்புறப்படுத்தப்படுபவர் நடைபாதையில் பழமும் பிளாஸ்டிக் சாமானும் விற்பவர்தான். நடப்பவருக்கு நடைபாதை வேண்டும், வாடகையும் வரியும் கட்டும் கடைக்காரருக்குத் தன் கடை வாசல் வேண்டும். இரண்டும் நியாயம். அன்றாடம் உழைத்துக் குடும்பம் நடத்தும் வியாபாரிக்கு ஓர் இடம் வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். இந்தியாவில் 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. கல்முனையிலும் நேரம், இடம், கட்டணம் மூன்றையும் வியாபாரிகளோடு பேசித் தீர்மானிக்கும் குழு ஒன்று தேவை. மாற்று இடம் தயாராகும் முன் ஒருவரையும் எழுப்பக்கூடாது.

எல்லைத் தகராறுகளுக்கு இதில் இடமில்லை

கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் தொடர்பாகத் தமிழ், முஸ்லிம் மக்களிடையே நீண்ட கருத்து வேறுபாடு உண்டு. சாய்ந்தமருது தனிச் சபைக்கு 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இவற்றைப் பற்றி இந்த அறிக்கை எந்தப் பக்கமும் பேசவில்லை. அவை தீரும்வரை வடிகானும் சந்தையும் காத்திருக்க முடியாது என்பதே எமது வாதம். ஒரு சமூகத்தின் தெருவை உயர்த்தி மற்றதின் தெருவில் தண்ணீரைத் தேக்கும் திட்டம் இரண்டு சமூகங்களையும் கெடுக்கும்.

நாட்டின் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 அன்று நாடெங்கும் தேர்தல் நடந்தபோது, வழக்குகள் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. மக்கள் தெரிவுசெய்த சபை இல்லாத காலத்தில் நகரத்தின் எதிர்காலத்தை வரைவதாயின், மக்களைக் கேட்கும் கடமை அதிகாரிகளுக்கு இரட்டிப்பாகிறது.

எமது கோரிக்கைகள்

1. நகர அபிவிருத்தி அதிகார சபை, மாநகர சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, நீர்ப்பாசனம், கரையோரம் பேணல் திணைக்களங்கள் ஆகியவை ஒரே மேசையில் அமரும் நகர மையத் திட்டக் குழு அமைய வேண்டும். அதில் வர்த்தகர், நடைபாதை வியாபாரி, மீனவர், விவசாயி, நெசவாளர், பள்ளிவாசல் மற்றும் கோயில் நிர்வாகங்கள், பெண்கள் அமைப்புகள், மாற்றுத்திறனாளிகள், இளைஞர் ஆகியோருக்கு வாக்குரிமையுள்ள இடம் வேண்டும்.

2. வரைபடங்கள் தமிழில், பார்த்ததும் புரியும் விதத்தில், பிரதேச செயலகங்களிலும் நூலகங்களிலும் பள்ளிவாசல், கோயில் முன்றல்களிலும் வைக்கப்பட வேண்டும். பெண்கள் வசதியாக வரக்கூடிய நேரத்திலும் இடத்திலும் தனிக் கூட்டங்கள் நடக்க வேண்டும்.

3. முதல் கட்டப் பணம் தோணாக்களுக்கும் பஸார் வடிகான்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். தோணாக் கரைகள் அளந்து எல்லைக் கல் நடப்பட வேண்டும்.

4. சந்தைக் கழிவைச் சந்தையிலேயே தரம்பிரித்துப் பசளையாக்க வேண்டும். கரையோர ஊர்களின் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் சாகும் செய்தி உலகெங்கும் போன மாவட்டம் இது.

5. பிரதான வீதியில் வைத்தியசாலைகளுக்கான தடையற்ற பாதையும், நிழலும் சமதளமும் உள்ள நடைபாதையும், பெண்களுக்குப் பாதுகாப்பான பொது மலசலகூடமும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

எமது பொறுப்பு

கோரிக்கை வைப்பதோடு நாங்கள் நின்றுவிட மாட்டோம். நகர மையம் தொடர்பாக இதுவரை தயாரிக்கப்பட்ட திட்ட ஆவணங்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று, சுருக்கமாகத் தமிழில் மக்கள் முன் வைப்போம். தண்ணீர் தேங்கும் இடங்களைத் தெருத் தெருவாகக் குறித்து, அந்தப் பட்டியலைத் திட்டக் குழுவிடம் கையளிப்போம். எமது உறுப்பினர்களான கடைக்காரர்கள் தத்தம் கடை முன் வடிகானைத் துப்புரவாக வைத்திருப்பதற்கும், வடிகானின் மேல் ஏறியிருக்கும் கட்டுமானங்களைத் தாமாக அகற்றுவதற்கும் உடன்பட்டிருக்கிறார்கள். அரசு அலுவலகங்கள் எம்மை அழைத்தால் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கலாம். அழைக்காவிட்டாலும் மக்கள் கூட்டங்களை நாங்களே நடத்தி, மக்களின் திட்டத்தை எழுத்தில் கொண்டுவந்து கொடுப்போம்.