தந்தையில்லா விதை யார் கையில்?

டுரியான் பருவம் தொடங்கினால் சைனாடவுன் கடைகளில் மங்குஸ்தானும் பக்கத்திலேயே குவியும். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்று இரண்டையும் சேர்த்தே வாங்குவார்கள். பழத்தின் அடியிலுள்ள பூப்போன்ற வடுவில் எத்தனை இதழ்களோ, உள்ளே அத்தனை சுளைகள். இது பலருக்குத் தெரியும். சுளைக்குள் இருக்கும் விதைக்குத் தந்தை இல்லை என்பது தெரியுமா?

மகரந்தச்சேர்க்கை, கருவுறுதல், பிறகு விதை என்று பாடத்தில் படிக்கிறோம். மங்குஸ்தான் பூவிலோ வளமான மகரந்தம் உருவாவதில்லை. சூலுக்குள் இருக்கும் தாய்த்திசுவின் செல்களே நேரடியாகக் கருவாக வளர்கின்றன. அதனால் கன்று ஏறக்குறையத் தாய்மரத்தின் நகலாக இருக்கும். இதையே கருவுறா இனப்பெருக்கம் (அபோமிக்சிஸ்) என்கிறோம்.

இந்தத் திறன் நெல்லுக்கு இருந்தால்? இரு வேறு ரகங்களைக் கலந்து உருவாக்கும் வீரிய ஒட்டு நெல் கூடுதல் விளைச்சல் தரும். ஆனால் அறுவடையில் எடுத்துவைத்த விதையை மறுபடி விதைத்தால் அதன் நற்குணங்கள் பிரிந்துபோகும். எனவே உழவர் ஒவ்வொரு பருவமும் காசு கொடுத்துப் புதுவிதை வாங்கவேண்டும்.

ஒருகாலத்தில் சிங்கப்பூரில் ஆய்வு செய்த வெங்கடேசன் சுந்தரேசன், பின்னர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதற்கு வழி கண்டார். குன்றல் பகுப்பு நடக்காதபடி மூன்று மரபணுக்களை அவரது குழு முடக்கியது. வழக்கமாக ஆண் அணுவிலிருந்து வந்து கருவளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் ஒரு மரபணுவை முட்டைச் செல்லிலேயே இயங்கவைத்தது. 2018இல் நெல் தன்னைத்தானே நகலெடுத்து விதை தந்தது. 2022இல் பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வீரிய ஒட்டு நெல்லில் 95 விழுக்காட்டுக்கும் அதிகமான நகல் விதைகளைப் பெற்றார்கள்.

இனி எழும் கேள்வி, இந்த விதை யாரிடம் இருக்கப்போகிறது என்பதுதான். காப்புரிமை பெற்ற சில நிறுவனங்களிடம் மட்டும் இருந்தால், விதையை எடுத்துவைக்கும் உரிமையே உழவருக்குக் கிடைக்காமல் போகலாம். இயற்கை விலக்கிய செலவை ஒப்பந்தம் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நகல்களால் வயல் முழுவதும் ஒரே மாதிரியாகி, ஒரு நோயே எல்லாவற்றையும் அழித்துவிடாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் அதுவும் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஒருசிலர் விற்றால் ஒருசில ரகங்களே எங்கும் பரவும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு நெல் ரகங்களை ஏற்கெனவே வெளியிட்டுள்ளது. இத்தகைய பொது நிறுவனங்கள் இந்த முறையைக் கையிலெடுத்தால், ஒவ்வொரு வட்டாரத்தின் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ற பல ரகங்களை உருவாக்கலாம்.

நெல்வயலே இல்லாத சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. நம் தட்டில் விழும் சோறு பிற நாட்டு உழவர் விளைவித்தது. அவர்களுடைய விதைச்செலவு குறைவது நமக்கும் நல்லது. பொதுப்பணத்தில் நடக்கும் இத்தகைய ஆய்வின் பலன் உழவர் எடுத்துவைத்து விதைக்கும் விதையாகவே வெளிவரவேண்டும். நாளைய ஆய்வாளர்களான நீங்கள் இதை வலியுறுத்தவேண்டும்.