கடையில் நிற்பவர்கள்

பழைய ஜவுளிக் கடைகளைக் கண்டவர்கள் நம் வாசகப் பெருமக்களில் பலர் இருப்பர். தரையை ஒட்டிய மேடை, அதன்மேல் வெள்ளை விரிப்புடன் மெத்தை, சுவரோரம் திண்டு, பக்கத்தில் முதலாளியின் மேசைப்பெட்டி. துணி வாங்க வந்தவரும் அமர்ந்தார். விரித்துக் காட்டியவரும் அமர்ந்தார். முதலாளியும் அமர்ந்தே இருந்தார். அந்நாளில் சம்பளம் தாராளமாக இருந்தது என்றோ, முதலாளிமார் அனைவரும் இனியவராக இருந்தனர் என்றோ நான் கூற வரவில்லை. கால்களுக்கு மட்டும் ஓய்வு இருந்தது.

பிறகு கடைகள் வளர்ந்தன. மெத்தை போயிற்று. நீண்ட மேசையும் கண்ணாடி அலமாரியும் வந்தன. ஒரு மாடி நான்கு மாடியாயிற்று. விற்பவர் எழுந்து நின்றார். நின்றவர் நின்றவரே. அவரை வருத்தவேண்டும் என்று எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது. மேசை உயர்ந்தது, அதற்கேற்ற இருக்கையைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாகி, வழக்கமே சட்டம்போல் இறுகிவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத பிற்பகல் வேளையில்கூட அமர்ந்திருப்பவர் சோம்பேறி என்று கருதப்பட்டார். பெரிய நகரங்களின் கடைகளில், சுவரில் சாய்ந்தாலே ஊதியத்தில் பிடித்தம் என்னும் அளவுக்கு அது சென்றதுண்டு. 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம், அத்தகைய கடை ஊழியரின் வாழ்வையே கதையாக எடுத்துக்கொண்டது.

நிற்பதில் என்ன பெரிய கேடு என்று சிலர் வினவலாம். நடப்பதும் நிற்பதும் ஒன்றல்ல. காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் மேலே ஏறிச் செல்லக் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து உதவவேண்டும். நடக்கும்போது அது நிகழ்கிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும்போது அந்த உதவி குறைந்து, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிறு தடுப்பிதழ்கள் நரம்புக்குள் உண்டு; ஆண்டுக்கணக்கில் அழுத்தம் கூடினால் அவை தளர்கின்றன. மாலையில் பாதம் வீங்குவதும், நரம்புகள் சுருண்டு புடைத்துத் தெரிவதும் இதனால்தான். கருவுற்ற பெண்களுக்கு இத்தொல்லை கூடுதல்.

இதனை முதலில் உரத்துக் கூறியவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருக் கடைகளில் பணியாற்றிய பெண்கள், விஜி என்பவரின் முன்னணியில், கழிப்பறை வேண்டும், அமர இடம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினர். இரண்டுமே நாணத்தால் வெளியே சொல்லப்படாத தேவைகள். அவர்களின் நெடிய போராட்டத்தின் பயனாக 2018இல் கேரள அரசு, கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தியது. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் அதே நோக்குடன் சட்டமுன்வடிவு சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு இவ்வாறு சேர்ந்தது. பணிக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊழியர் அமரத்தக்க வகையில் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

நாற்காலி வாங்குவது எளிது. அதில் அமரும் துணிவை ஊழியருக்குத் தருவதுதான் அரிது. நான் சென்ற சில கடைகளில் தூண் மறைவில் ஒரு முக்காலி இருக்கிறது. அதன்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வேறு சில இடங்களில் இருக்கை காலியாகவே கிடக்கிறது. மேற்பார்வையாளர் பார்வை பட்டால் எழுந்துவிடுகிறார்கள். முதலாளி ஒருமுறை, எல்லோர் முன்னிலையிலும், “கூட்டம் இல்லாதபோது உட்காருங்கள்” என்று வாய்திறந்து சொல்லவேண்டும். மேற்பார்வையாளரிடமும் தனியே சொல்லவேண்டும். அவர் பழைய வழக்கத்தில் பயின்றவர். தாம் இளமையில் பட்டதைப் பிறரும் படவேண்டும் என்ற எண்ணம் அவரை அறியாமலே அவரிடம் இருக்கும்.

மற்றொரு மாற்றம் கணினி வழியாக வந்தது. 2017 ஜூலை 1ஆம் நாள் ஜி.எஸ்.டி. வரி நடைமுறைக்கு வந்ததும், பேரேட்டில் கணக்கெழுதிய பல கடைகள் கணினிக்கு மாறவேண்டியதாயிற்று. நான் அறிந்த மொத்தப் பலசரக்குக் கடையொன்றில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கெழுதியவர் இருந்தார். கணினி கற்ற இளைஞரைக் கொண்டுவந்து அவர் இடத்தில் அமர்த்தினர். பெரியவருக்குச் சம்பளம் குறைக்கப்படவில்லை. ஆயினும் வேலை இல்லை. தேநீர் வாங்கி வரவும் வங்கிக்குச் செல்லவும் அவரை அனுப்பினர். சம்பளம் வாங்கிக்கொண்டு வெறுமனே இருப்பது எத்தகைய வேதனை என்பதை அவர் முகம் கூறியது.

ஆறு மாதத்தில் கடைக்கே அடி விழுந்தது. எந்த ஊர்க் கடைக்காரர் அறுவடைக்குப் பின் பாக்கி தீர்ப்பார், எவருக்கு இனிக் கடன் தரலாகாது என்பன கணினியில் இல்லை; பெரியவரின் நினைவில் இருந்தன. முதலாளியின் மகன் விவரமறிந்தவர். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தினார். இளைஞர், “நானா, இவருக்கு இன்னும் சரக்கு அனுப்பலாமா?” என்று கேட்பார். “பொங்கல் கழித்துத்தான் தருவார் தம்பி, ஆனால் தந்துவிடுவார், அனுப்புங்கள்” என்பார் பெரியவர். நாளும் காலையில், கடை திறக்குமுன் அரை மணி நேரம் அவருக்கும் கணினி கற்பிக்கப்பட்டது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தார்கள். ஓராண்டில் அவரே பில் போட்டார், மெதுவாகத்தான்.

பாடம் சொல்லிக் கொடுப்பதே தொழிலானவன் என்னும் முறையில், அந்த ‘கடை திறக்குமுன்’ என்பதைத்தான் நான் மிகவும் மெச்சுவேன். சிறுவன் நாலு பேர் முன்னிலையில் தவறு செய்வான், சிரிப்பான், கற்றுக்கொள்வான். ஐம்பத்தைந்து வயதினர் வாடிக்கையாளர் முன்னிலையில், தம் மகன் வயதுடையவரிடம் ஒருமுறை திட்டு வாங்கினால் அதன்பிறகு அந்தப் பொறியைத் தொடவே மாட்டார். அதனைப் பலர், “அவருக்கு இனி ஏறாது” என்று முடிவுகட்டி விடுகின்றனர்.

கசப்பான ஒன்றையும் கூறிவிடுகிறேன். நம்மவர் கடைகளில் லுஹர், அஸர் வேளைகளில் தொழச் செல்வோருக்கு அனுமதி தாராளமாகக் கிடைக்கிறது; நன்று. அந்தப் பத்து நிமிடமும் கல்லாவையும் கூட்டத்தையும் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் பிற சமயச் சகோதரர். அவருக்குரிய பத்து நிமிடம் எப்போது? கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் விடை இராது. அவர் கேட்கவும் மாட்டார். தொழுதுவிட்டு வந்தவர், “இனி நீங்கள் போய் வாருங்கள்” என்று அவரை அனுப்பும் வழக்கமுள்ள கடைகள் சில உண்டு. அவற்றில் ஆட்கள் எளிதில் வேலையை விட்டுப் போவதில்லை என்பதைக் கண்டிருக்கிறேன்.

வாராந்திர விடுமுறையும் இப்படித்தான். வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை 1947ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உள்ளது. பெருநாள், தீபாவளி நெருங்கினால் அது முதலில் பறிபோகிறது. பிறகு ஈடுசெய்வதாகச் சொல்லப்படும் நாள் வருவதே இல்லை. அந்நாளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தாலே பாதி மறதி தீரும்.

முதலாளிகளுக்கே இவ்வளவும் எழுதினேன். இந்த இதழை வீட்டில் படிக்கும் தாய்மார்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். “வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள்” என்பதே கடைக்காரர்கள் கூறும் முதற் காரணம். அவர்கள் குறிப்பிடும் வாடிக்கையாளர் நாம்தாம். அடுத்த முறை துணியெடுக்கச் செல்லும்போது, எதிரே நிற்கும் பெண்ணிடம், “உட்கார்ந்தே எடுத்துக் காட்டும்மா” என்று சொல்லிப் பாருங்கள். மேற்பார்வையாளர் காதில் விழும்படியாகச் சற்று உரக்கவே சொல்லுங்கள்.